72 கேள்விக்கு 70 'ஆம்': ரோபோ செல் ஆடிட்டை எங்கே தொடங்குவது?

கேள்வி:

ஓசூர் சிப்காட் பகுதியில், கார் சீட்டுகளுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து கொடுக்கும் ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். 14 வெல்டிங் ரோபோ செல்கள் (வேலி போட்டு ரோபோ வைத்த இடங்கள்) இருக்கின்றன. போன வருடம் ஒரு கோபாட்டும் (ஆள் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோ) வந்தது. எங்களிடம் வாங்கும் கார் கம்பெனி, ரோபோக்களுக்கு மட்டும் தனியாகப் பாதுகாப்பு ஆடிட் செய்து அறிக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறது. இணையத்தில் கிடைத்த 72 கேள்வி செக்லிஸ்ட்டை வைத்து ஒரு சுற்று முடித்தேன். 70 'ஆம்', 2 'பொருந்தாது'. ஆனால் மனசு ஒப்பவில்லை. 7ஆம் செல்லின் லைன் லீடர் கழுத்தில், ஐ.டி. கார்டு கயிற்றிலேயே, கேட் ஸ்விட்சின் உதிரி கீ ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். கேட்டால் சிரிக்கிறார். நான் மெக்கானிக்கல் படித்தவன், ரோபோ புரோகிராம் தெரியாது. எங்கே தொடங்குவது? ரோபோவை விற்றவர்கள் சி.இ. (ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்ற) சான்றிதழ் காட்டுகிறார்கள், அது போதாதா? கோபாட்டுக்கு வேலியே வேண்டாம் என்கிறார்களே? பாதுகாப்புச் சாதனத்தை ஏமாற்றும் பைபாஸ் கண்டுபிடித்தால் ஆள் பெயரை அறிக்கையில் எழுத வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்:

அந்தக் கயிற்றில் தொங்கியதுதான் உங்கள் ஆடிட்டின் முதல் கண்டுபிடிப்பு. "கேட்டில் இன்டர்லாக் ஸ்விட்ச் உள்ளதா?" என்று செக்லிஸ்ட் கேட்டது, நீங்கள் 'ஆம்' போட்டீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கேட் திறந்தால் ரோபோவை நிறுத்த வேண்டிய அந்த ஸ்விட்ச் இருக்கிறது. உதிரி கீயைச் சொருகிவிட்டால் கேட் அகலத் திறந்திருக்கும்போதும் ரோபோ ஓடும், அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் செக்லிஸ்ட்டுகள் பெரும்பாலும் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த வேலிக்குள் யார், எந்த நேரத்தில், எதற்காகப் போகிறார்கள்? அவர்கள் உள்ளே இருக்கும் அந்த இரண்டு நிமிடமும் ரோபோ அசையாமல் இருக்க எதை நம்பியிருக்கிறார்கள்?

ஏன் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், ரோபோ விபத்து வரலாறே அப்படித்தான் இருக்கிறது. 1984 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும்) ஆலைத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அந்தத் தொழிலில் 15 வருட அனுபவம் உள்ளவர். ஒரு வார ரோபோ பயிற்சி முடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, தரையில் கிடந்த உலோகக் கழிவைக் கூட்டி அள்ள உள்ளே போனார். ரோபோவின் பின்பக்கத்துக்கும், பாதுகாப்புக்கென்றே நட்டிருந்த இரும்புக் கம்பத்துக்கும் நடுவே நசுங்கினார். உங்கள் ஆலையிலும் எல்லாரும் வெல்டிங் டார்ச் இருக்கும் முன்பக்கத்தையே பார்ப்பார்கள். ரோபோவின் முதுகும் சுழலும் என்பது நினைவில் இருக்காது. 1981இல் ஜப்பானின் அகாஷியில் கவாசாகி ஆலையில் இறந்தவரும் பழுது பார்க்க வேலியைத் தாண்டிப் போனவர். 2015இல் நம் மானேசரில் இறந்த 24 வயது இளைஞர், சரியாக உட்காராத தகட்டைச் சரிசெய்யப் போனதாகத்தான் செய்தி வந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கையேடும் இதையே சொல்கிறது: ரோபோ விபத்துகளில் பல, வழக்கமான ஓட்டத்தின்போது நடப்பதில்லை. புரோகிராம் போடும்போது, பழுது பார்க்கும்போது, செட்டிங்கின்போது, சோதனை ஓட்டத்தின்போது நடக்கின்றன.

நீங்கள் ஆடிட்டுக்காகப் போய் நின்றபோது செல் எப்படி இருந்தது? அழகாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதனால்தான் எழுபது 'ஆம்'.

எனவே முதல் வேலையாக ஒரு செல்லை எடுத்துக்கொண்டு, உள்ளே போவதற்கான காரணங்களை எழுதுங்கள். ஆபரேட்டர், மெயின்டனன்ஸ் ஆள், கூட்டித் துடைப்பவர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச மாட்டார்கள். வெல்டிங் செல் என்றால் பட்டியல் பெரும்பாலும் இப்படி வரும்: டார்ச் முனையில் உள்ள காண்டாக்ட் டிப்பை மாற்ற, நாசிலில் ஒட்டிய ஸ்பாட்டரை, அதாவது தெறித்த உலோகத் துளிகளை, தட்ட, வயர் சிக்கினால் இழுக்க, கிளாம்ப் சென்சார் மேல் படிந்த புகைக்கரியைத் துடைக்க, ஃபிக்ஸரில் (பார்ட்டைப் பிடித்து வைக்கும் சட்டத்தில்) மாட்டிக்கொண்ட பார்ட்டை எடுக்க, இடித்த பிறகு டார்ச் நேராக இருக்கிறதா பார்க்க, வெல்டு விழுந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்க. சேஃப்டி ஆபீசர் அறையில் இருக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் தாளில் இவற்றில் பாதிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

அடுத்ததற்குப் புரோகிராம் தெரிய வேண்டியதில்லை. ரோபோ கன்ட்ரோலரின் அலாரம் பதிவில், வேலி திறந்த ஒவ்வொரு முறையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். மெயின்டனன்ஸ் ஆளிடம் சொல்லி ஒரு வாரத்துக்கானதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். உற்பத்திப் பிரிவிடம் அதே வாரத்தின் லைன் ஸ்டாப் ரெஜிஸ்டரை வாங்குங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் டிப் மாற்ற ஒன்பது முறை லைன் நின்றதென்று ரெஜிஸ்டர் சொல்லி, கேட் இரண்டு முறைதான் திறந்ததென்று கன்ட்ரோலர் சொன்னால், மீதி ஏழு முறை ஆள் எந்த வழியாகப் போனார்? கேட் கீயை வைத்தா, பார்ட் வெளியே வரும் கன்வேயர் இடைவெளி வழியாகவா, லைட் கர்ட்டனுக்கும் (ஒளிக்கதிர் மறிபட்டால் ரோபோவை நிறுத்தும் தடுப்பு) தூணுக்கும் நடுவே உள்ள சந்தின் வழியாகவா? நான் கேட்டவரை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற ஆலைதான் அதிகம். கணக்கு கையில் இருந்தால் யாரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்காது.

பகலில் மட்டும் போகாதீர்கள். ஆலை மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, இரவு ஷிஃப்டின் கடைசி இரண்டு மணி நேரம் போய் நில்லுங்கள். டார்கெட் எட்டாமல் அவசரப்படும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பாட்டர் கூட்ட வரும் காண்ட்ராக்ட் ஆட்களையும் பாருங்கள். ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்த ரெஜிஸ்டரில் அவர்கள் கையெழுத்து இருக்காது. செல்லில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கூட்டுபவர் ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்தவராக இருப்பார். கூட்டும்போது பவர் யார் ஆஃப் செய்தது, பூட்டு யாருடையது என்று அவரிடம் அவர் மொழியில் கேட்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ஆயுத பூஜையையும் பட்டியலில் சேருங்கள். சிரிக்காதீர்கள். ரோபோவின் கைக்கு மாலை போட்டு, டார்ச்சுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க ஆலையில் பாதிப் பேர் வேலிக்குள் நிற்கும் ஒரே நாள் அதுதான். நிழற்படத்துக்காக ரோபோவை லேசாக அசைத்துக் காட்டச் சொல்லும் மேலதிகாரிகளும் உண்டு.

இனி 7ஆம் செல் லைன் லீடர். அவரிடமிருந்து கீயைப் பிடுங்குவது எளிது. அடுத்த வாரம் இன்னொரு கீ வரும், இந்த முறை சட்டைப் பைக்குள் இருக்கும். அதற்கு முன் கேட்டைத் திறந்தால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள். நிறைய செல்களில் கேட் திறந்தால் ரோபோ நடு வெல்டில் நின்றுவிடும். மறுபடி ஓட்ட, பென்டன்ட்டை (ரோபோவைக் கையால் இயக்கும் கருவியை) எடுத்து, கையால் நகர்த்தி, ஹோம் பொசிஷனுக்குக் கொண்டுபோய், பாதி வெல்டு ஆன பார்ட்டைக் கழித்துக் கட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரை நிமிட வேலைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை அவர் கணக்கில் எழுதுகிறார்கள், நெட்டிலிருந்து இறக்கிய போஸ்டரை நீங்கள் சுவரில் ஒட்டுகிறீர்கள். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இன்டர்லாக் ஸ்விட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14119 தரத்தில், பைபாஸ் செய்யும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று மதிப்பிட ஓர் இணைப்பே இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் எழுதி, பைபாஸ் செய்தால் அந்த வேலை சுலபமாகுமா, வேகமாகுமா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். இது நம்மூர்க் கோளாறும் இல்லை. ஜெர்மனியின் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உலோகத் தொழில் இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிரந்தரமாகவோ அவ்வப்போதோ ஏமாற்றப்பட்டிருந்தன.

தீர்வு அனேகமாக, செல்லைக் கட்டிக்கொடுத்த இன்டக்ரேட்டரிடம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே 'உள்ளே வர அனுமதி' பட்டன் ஒன்று வைத்தால், ரோபோ கையில் உள்ள வெல்டை முடித்துவிட்டு ஒதுங்கி நின்ற பிறகு பூட்டு திறக்கும். திரும்ப வந்து ரீசெட் அடித்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிப் மாற்றும் இடத்தை வேலியோரம் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் கொண்டுவரலாம். நாசிலைத் தானே சுத்தம் செய்யும் ஸ்டேஷன் சந்தையில் இருக்கிறது. இவற்றுக்குப் பிறகு, வேறு கீயோ காந்தமோ வைத்து ஏமாற்ற முடியாத கோடட் ஸ்விட்சை மாட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் ஸ்விட்சை மாற்றிக் காரணத்தை அப்படியே விட்டால், அடுத்து ஸ்விட்சையே பெயர்த்துக் கம்பியோடு பேனலுக்குள் தொங்கவிடுவார்கள்.

அடுத்து அளக்க வேண்டியவை. ஆபரேட்டர் பார்ட் ஏற்றும் பக்கத்தில் லைட் கர்ட்டன் இருக்கும். கையை நீட்டினீர்கள், ரோபோ நின்றது, 'ஆம்' போட்டீர்கள். நின்றது என்பது போதாது, கை போய்ச் சேர்வதற்குள் நின்றதா என்பதுதான் கேள்வி. ஐ.எஸ்.ஓ. 13855 சொல்லும் அடிப்படைக் கணக்கு சின்னது. கர்ட்டன் மறிபட்டதிலிருந்து ரோபோ முழுதாக நிற்கும்வரை ஆகும் மொத்த நேரத்தை எடுங்கள். அதில் கர்ட்டன், சேஃப்டி ரிலே, ரோபோ பிரேக் எல்லாம் அடக்கம். ஆள் நெருங்கும் வேகத்தால் அதைப் பெருக்குங்கள். வேகத்தை முதலில் வினாடிக்கு 2,000 மி.மீ. என்று வைக்க வேண்டும். விடை 500 மி.மீ.க்கு மேல் போனால் 1,600 வைத்து மறுபடி போடலாம், ஆனால் 500க்குக் கீழே வரக்கூடாது. கதிர்களுக்கு நடுவே விரல் நுழைவதற்காக ஒரு கூட்டல் உண்டு: கர்ட்டன் கண்டறியும் அளவிலிருந்து 14ஐக் கழித்து 8ஆல் பெருக்க வேண்டும். உங்கள் மொத்த நேரம் 0.45 வினாடி, கர்ட்டன் 30 மி.மீ. வகை என்று வைத்துக்கொள்வோம். 1,600ஐ 0.45ஆல் பெருக்கினால் 720. அதோடு 128 சேர்த்தால் 848 மி.மீ. ஆபத்தான இடத்திலிருந்து கர்ட்டன் 600 மி.மீ. தூரத்தில் இருந்தால், அது பச்சை விளக்கு எரியும் ஓர் அலங்காரம்.

இந்த நிற்கும் நேரம் மாறாத எண் இல்லை. கை முழுதாக நீண்டு, முழு வேகத்தில், முழு எடையோடு போகும்போது ரோபோ நிற்க அதிக நேரம் எடுக்கும். ரோபோவோடு வந்த கையேட்டில் வேகம், எடை, கை நீட்சி மூன்றையும் மாற்றி மாற்றி நிற்கும் தூரத்தைக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடம் முன்பு கனமான டார்ச் மாட்டினீர்களா? சைக்கிள் டைமைக் குறைக்கப் புரோகிராமில் வேகத்தை ஏற்றினீர்களா? அப்படியென்றால் கர்ட்டன் நகராமலேயே தவறான இடத்துக்குப் போய்விட்டது. நிற்கும் நேரத்தை அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். 14 செல்லுக்கும் ஒரே தடவையில் முடித்து, எண்ணைச் செல்லிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கர்ட்டனைத் தாண்டி உள்ளே போய் நிற்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆள் உள்ளே போனபின் கர்ட்டன் மறுபடி தெளிவாகிவிடும், வெளியே இருப்பவர் ரீசெட் அடித்துவிடலாம். ரீசெட் பட்டன் இருக்கும் இடத்தில் நின்றால் செல் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்ளே இருப்பவர் கைக்கு அது எட்டக் கூடாது. கேட்டை மூடினாலே ரோபோ தானாக ஓடத் தொடங்கினால் அந்தச் செல்லை அன்றைக்கே நிறுத்துங்கள். வேலிக் கம்பி வலையின் சதுரம் 40 மி.மீ.க்கு மேல் இருந்தால் தோள்வரை கை நுழையும். அப்போது ரோபோ எட்டும் இடம் வலையிலிருந்து 850 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும்.

எலக்ட்ரிக்கல் பக்கத்துக்கு உங்கள் ஆலை எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் ஸ்விட்சிலிருந்தும் எமர்ஜென்சி ஸ்டாப்பிலிருந்தும் ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தட்டும் என்று இரண்டு சானல் கம்பி வரும். பட்டனை அழுத்தினால் ரோபோ நிற்கும், ஒரு சானல் செத்திருந்தாலும் நிற்கும். அதனால் பட்டன் சோதனையில் பாதிதான் தெரியும். ரோபோவைப் பாதுகாப்பாக நிறுத்திவைத்துவிட்டு ஒரு சானலை மட்டும் கழற்றுங்கள். சேஃப்டி ரிலே பழுது காட்டி ரீசெட்டை மறுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் உள்ளே யாரோ ஸ்விட்சைச் சுற்றிப் போகும் ஜம்பர் கம்பி போட்டிருக்கிறார்கள், அல்லது வரைபடத்தில் இருப்பதும் பேனலில் இருப்பதும் வேறு. மூன்று நான்கு கேட்டுகளை ஒரே ரிலேயில் தொடராகக் கோத்திருந்தால் ஒவ்வொரு கேட்டாகச் சோதிக்க வேண்டும். ஒன்றின் பழுதை இன்னொரு கேட்டைத் திறந்து மூடுவது மறைத்துவிடும்.

புரோகிராம் தெரியாதது இங்கே பெரிய குறையில்லை. ரோபோ எங்கே போகலாம், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று கட்டிப்போடும் சேஃப்டி மென்பொருள் செல்களில் இருந்தால், திரையில் ஒரு செக்சம் எண் காட்டும்; அமைப்பை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். செல் ஒப்படைக்கப்பட்டபோது இருந்த எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் யார், எதற்கு, யாருடைய ஒப்புதலோடு மாற்றினார் என்று கேளுங்கள், போதும். டீச் மோடில் (ரோபோவுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது) வேகம் வினாடிக்கு 250 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. பென்டன்ட்டில், பிடித்திருந்தால் மட்டும் ரோபோவை ஓடவிடும் எனேப்லிங் ஸ்விட்சை விட்டாலும் நிற்க வேண்டும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்க வேண்டும். அந்த ஸ்விட்சைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிய பிசின் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டீச், ஆட்டோ என்று மாற்றும் மோட் சாவி கன்ட்ரோலரிலேயே நாள் முழுக்கத் தொங்கினால், அது சாவி இல்லை, கைப்பிடி.

லாக்அவுட், அதாவது பவரை நிறுத்திப் பூட்டுப் போடும் முறை பற்றி. 2016 ஜூனில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் 20 வயதுப் பெண் தொழிலாளி இறந்தார். லைன் நின்றது, சென்சார் கோளாறு என்று நினைத்துச் சிலர் செல்லுக்குள் போனார்கள், ரோபோ திடீரென்று இயங்கியது. பவரை நிறுத்திப் பூட்டுப் போடவில்லை. 2020இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நின்ற ரோபோ எல்லாம் அணைந்த ரோபோ இல்லை. அது ஒரு சிக்னலுக்குக் காத்திருக்கலாம். உள்ளே கை வைத்துச் சென்சாரைத் துடைப்பவரே அந்தச் சிக்னலைக் கொடுத்துவிடுவார்.

உங்கள் ஆலையில் லாக்அவுட் முறை இருக்கும். ஆனால் அது மெயின் ஐசொலேட்டரோடு முடிந்துவிடுகிறதா பாருங்கள். கிளாம்ப்பில் காற்று அழுத்தம் அப்படியே நிற்கும். வெல்டிங் பவர் சோர்ஸுக்குத் தனி லைன் வந்திருக்கும். பிரேக் தேய்ந்திருந்தாலோ பிரேக் ரிலீஸ் பட்டனை யாராவது அழுத்தினாலோ ரோபோவின் கை தன் எடையிலேயே கீழே இறங்கும், அதற்குக் கரண்ட்டே வேண்டாம். பக்கத்துச் செல் ரோபோவின் கை இந்தப் பக்கம் எட்டுமா என்றும் பாருங்கள். பூட்டு ஆளுக்கு ஒன்று. ஷிஃப்டுக்கு ஒன்று என்றால் அது வேறு விளையாட்டு.

சி.இ. சான்றிதழ் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய இயந்திரச் சட்டத்தின்படி தனி ரோபோக் கை முழுமையான இயந்திரமே இல்லை. முழுமையடையாத இயந்திரம் என்ற வகையில், இதை வேறொன்றில் பொருத்தலாம் என்ற உறுதிமொழியோடுதான் வரும். டார்ச், ஃபிக்ஸர், டர்ன்டேபிள், வேலி, கர்ட்டன் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அது இயந்திரம், அதற்குப் பொறுப்பு செல்லைக் கட்டிய இன்டக்ரேட்டர். ரோபோ தரமான ஐ.எஸ்.ஓ. 10218 இரண்டு பாகமாக இருப்பதும் இதனால்தான்: முதல் பாகம் ரோபோவுக்கு, இரண்டாம் பாகம் செல்லுக்கு. இரண்டும் 2025இல் புதுப்பிக்கப்பட்டன. விற்றவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். செல்லின் ரிஸ்க் அசெஸ்மென்ட், அளந்த நிற்கும் நேரம், பாதுகாப்புச் சுற்றுகளின் பெர்ஃபார்மன்ஸ் லெவல் (எவ்வளவு நம்பகமானவை என்ற) கணக்கு, இன்றைய நிலையில் உள்ள மின் வரைபடம் ஆகியவற்றைக் கேளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

கோபாட் விஷயத்தில் விற்பனையாளர் பாதி உண்மை சொல்கிறார். கை மெதுவாக இடித்து நின்றுவிடும், சரி. கையின் நுனியில் என்ன மாட்டியிருக்கிறது? கூரான தகட்டைப் பிடித்திருக்கும் கிரிப்பர் என்றால், விசை குறைவாக இருந்தாலும் வெட்டும். ஆள் மேல் படலாம் என்று அனுமதிக்கப்பட்ட விசைக்கு உடல் பகுதிவாரியாக வரம்பு இருக்கிறது. 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15066 தொழில்நுட்பக் குறிப்பில், நசுங்கும் நிலையில் கைக்கும் விரலுக்கும் 140 நியூட்டன், முகத்துக்கு 65 நியூட்டன். அந்த உள்ளடக்கம் இப்போது 10218இன் புதிய பதிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. ஆபரேட்டர் குனிந்து பார்ட் வைக்கும்போது முகம் எந்த உயரத்தில் இருக்கிறது? அந்த உயரத்தில் கோபாட் போகிறதா? விசையைக் கருவி வைத்து அளக்காமல் வேலி வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அறிக்கையில் வரும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு வேலியைக் கட்டாயமாக்கியது. ஓடும் இயந்திரத்தின் அருகே யார் வேலை செய்யலாம் என்று 22ஆம் பிரிவு சொன்னது: சிறப்புப் பயிற்சி பெற்று, பெயர் ரெஜிஸ்டரில் ஏறியவர் மட்டும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், எந்த விதியை மேற்கோள் காட்டுவது என்பதை உங்கள் பகுதித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். ஆடிட் முறைக்கு ஐ.எஸ். 14489 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, வடிவத்துக்கு அது போதும். ரோபோவைப் பற்றி அதில் தேடாதீர்கள்.

பெயர் எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். செல் எண், நேரம், என்ன பைபாஸ், எந்த வேலைக்காக, அந்த வேலை ஷிஃப்டுக்கு எத்தனை முறை வருகிறது, சரிசெய்யும் பொறுப்பு எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதிக்குள், அதுவரை என்ன தற்காலிக ஏற்பாடு: இவ்வளவும் ஒரு பக்கத்தில், நிழற்படத்தோடு. லைன் லீடர் பெயரை எழுதினால் அவரை மாற்றிவிட்டு, கண்டுபிடிப்பு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த ஆடிட்டில் யாரும் உங்களிடம் வாய் திறக்கவும் மாட்டார்கள். அதற்காக எதையும் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. கீ சொருகிய கேட்டோடு செல் ஓடுவதை நீங்கள் பார்த்தால், அறிக்கைக்குக் காத்திருக்காமல் அப்போதே நிறுத்துங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு எழுத்தில் இல்லையென்றால், ஆடிட்டைத் தொடங்கும் முன் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தச் செல்களை நிறுவும்போது ஒப்புதல் கையெழுத்துப் போட்டது நீங்களே என்றால், அவற்றை நீங்களே ஆடிட் செய்யாதீர்கள். ஓசூரில் பக்கத்து ஆலை சேஃப்டி ஆபீசரோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவர் உங்கள் செல்களைப் பார்க்கட்டும், நீங்கள் அவருடையதை. இரண்டு நிர்வாகமும் ரகசியம் என்று முரண்டு பிடிக்கும். பார்ட் டிராயிங்கைப் பார்க்கப் போவதில்லை, கேட்டையும் கர்ட்டனையும்தான் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

70 'ஆம்' உள்ள அறிக்கையை அனுப்ப வேண்டாம். சப்ளையர் ஆலைகளை வருடம் முழுக்கப் பார்க்கும் எந்தப் பொறியாளரும் அதை நம்ப மாட்டார். 20 குறை, ஒவ்வொன்றுக்கும் தேதி, அதில் ஐந்து ஏற்கெனவே முடிந்தது என்று இருந்தால் நம்புவார். தேதியைத் தள்ளிப்போட வாய்ப்பிருந்தால் மூன்று வாரம் கேளுங்கள். முதல் வாரம் 7ஆம் செல்லின் அலாரம் பதிவும் லைன் ஸ்டாப் ரெஜிஸ்டரும், இரண்டாவது வாரம் எல்லாச் செல்லுக்கும் நிற்கும் நேர அளவீடு, மூன்றாவது வாரம் சானல் சோதனையும் லாக்அவுட்டும். கோபாட்டின் விசை அளக்க ஆள் கிடைக்க நாளாகும், அதை இன்றே பதிவு செய்யுங்கள். அதுவரை அந்த ஸ்டேஷனைச் சுற்றி வேலியோ, ஆள் நெருங்கினால் உணர்ந்து நிறுத்தும் ஏரியா ஸ்கேனரோ இருக்கட்டும்.